அழுதவரிடம் கேட்ட மன்னிப்பு

1

என் வீட்டுக்காரர் பல மாதங்களாக யாரிடமும் 'சாரி' சொல்வதில்லை. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது ஒரு செய்தியாகவே தெரியாது. இங்கிலாந்தில் இது டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டிய விஷயம். இங்கே பஸ்ஸில் உங்கள் காலை மிதித்தவரும் சாரி சொல்வார், மிதிபட்ட நீங்களும் சாரி சொல்ல வேண்டும். மழை பெய்தால் சாரி, டீயில் சர்க்கரை கூடினால் சாரி, எதிரே வந்தால் சாரி, வழிவிட்டால் சாரி. வந்த புதிதில், இவர்கள் அப்படி என்னதான் தப்புப் பண்ணினார்கள், நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களே என்று நினைத்திருக்கிறேன்.

நேற்று கடையில் ஓர் அம்மாளின் கூடையை இவர் முழங்கையால் தட்டிவிட்டார். ஆரஞ்சுப் பழங்கள் நாலாபக்கமும் உருண்டன. இவர் மண்டியிட்டு, அலமாரிக்கு அடியில் போனதைக்கூட விடாமல் பொறுக்கிக் கூடையில் அடுக்கினார். வாயை மட்டும் திறக்கவில்லை. அந்த அம்மாள்தான் திரும்பத் திரும்ப சாரி சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஒரு வார்த்த சொன்னா இன்னாங்க?"

"சொன்னா, நாம பண்ணதா ஆயிடும்."

"நாமதானே பண்ணோம்?"

பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்து படுத்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான்.

2

இவர் பெயர் குமரேசன். இங்கே எல்லோருக்கும் குமார். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பம். முப்பது வயது வரை தறியில் உட்கார்ந்தவர். நான் செவிலிமேட்டுப் பெண். நர்ஸ் வேலை கிடைத்து நான் முதலில் வந்தேன். கைக்குழந்தையாக இருந்த நிவேதாவைத் தூக்கிக்கொண்டு இவர் பின்னாலேயே வந்தார். கொஞ்ச காலம் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினார். அப்புறம் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை கிடைத்தது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது. ஊரில் இருந்தபோது சொந்த சட்டையை மடித்து வைக்கத் தெரியாத மனிதர் இந்த வேலையில் அப்படியே ஒட்டிக்கொண்டார். எனக்கே ஆச்சரியம்தான்.

அங்கே இவர் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் ஆர்தர். ஓய்வுபெற்ற தபால்காரர், மறதி நோய். தான் இன்னும் வேலையில் இருப்பதாகவும், குமார்தான் தன் போஸ்ட்மாஸ்டர் என்றும் அவருக்கு நினைப்பு. தினமும் காலையில் இவரிடம் லீவு கேட்பார். இவரும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "சரி, இன்றைக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்" என்று கொடுப்பார். ஆர்தருக்கு அன்று முழுக்க சந்தோஷம். மறுநாள் மறுபடி கேட்பார்.

ஒரு மதியம் இவர் ஆர்தரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, பக்கத்து அறையில் மணி அடித்ததால் அங்கே ஓடினார். அந்த மாடி முழுவதற்கும் அன்று ஆள் போதவில்லை. திரும்பி வருவதற்குள் ஆர்தர் தானாக எழுந்து நடக்கப் பார்த்து விழுந்திருந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஆர்தரின் மகள் ஜானெட் ஓடி வந்தார். ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. அவர் அழுதுகொண்டே நடைவழியில் வந்தபோது இவர் எதிரே போய், அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: "என் தப்பு. என் தப்புதான் அம்மா. மன்னிச்சிடுங்க."

பக்கத்தில் நின்ற மேலாளர் அதைக் கேட்டார். ஜானெட்டும் கேட்டார். கேட்டவர் என்ன நினைப்பார்? தப்புச் செய்தவனே ஒத்துக்கொண்டான் என்றுதான் நினைப்பார். நான் அந்த இடத்தில் இருந்து, எனக்கு இந்த மனிதரைத் தெரியாமல் இருந்தால், நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஜானெட் புகார் கொடுத்தார். இல்லம் இவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. அந்தக் குடும்பத்தோடு எந்தப் பேச்சும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. போலீஸிலிருந்து விசாரணைக்கு வரச் சொன்னார்கள். பராமரிப்பவர் வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டார் என்பது இந்த நாட்டில் கிரிமினல் குற்றம். அது நிரூபணமானால் ஜெயிலாகக்கூட இருக்கலாம். ஜெயில் இல்லாவிட்டாலும் இனி எந்த வயதானவர் பக்கத்திலும் இவரை விடமாட்டார்கள்.

3

இவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது நம் ஊரில் இருப்பவர்களுக்கு விளக்காமலே புரியும். இருந்தாலும் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்கிறேன்.

எங்களுக்குக் கல்யாணமான புதிது. சேலைக்கு நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகளைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால், விடிகாலையில் தெருவில் நீளமாக நீட்டிக் கட்டி சீர் செய்வார்கள். அதற்குப் பெயர் பாவு. அது தெருவில் இருக்கும் நேரத்தில் நாய்கூட பார்த்துத்தான் போகும். அன்றைக்குப் பனி. பால் ஊற்றுகிற ஆள் வண்டியை அப்படியே பாவுக்குள் விட்டுவிட்டார். இழைகள் அறுந்து சக்கரத்தில் சுற்றிக்கொண்டன. என் கணவரின் அண்ணன் ஓடிப்போய் அவர் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். பால்காரரின் ஆட்கள் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள்.

அண்ணன் ஸ்டேஷனுக்குப் போனால் அங்கேயும் யாருக்காவது ஒரு அடி விழும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு கோபக்காரர். அதனால் இவர் போனார்.

"அடிச்சது யாருப்பா?" என்று கேட்டாராம் சப்-இன்ஸ்பெக்டர்.

"நான்தான் சார். தப்புதான் சார். இனிமே நடக்காது சார்."

அடித்தது இவர் இல்லை என்பது, அடி வாங்கியவருக்குத் தெரியாதா? அவர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உடுங்க சார், இவரு மன்னிப்பு கேட்டுக்கினாரு, போதும்" என்றாராம். சப்-இன்ஸ்பெக்டருக்கும் விஷயம் தெரிந்திருக்கும். சமாதானமாகிவிட்டதாக இரண்டு பேரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். நான் ஊற்றிவைத்த இட்லி ஆறுவதற்குள் இவர் வீடு வந்துவிட்டார். மறுநாள் பால்காரர் வழக்கம்போல வந்து ஊற்றினார், கொஞ்சம் கூடவே.

எங்களுக்குத் தெரிந்த மன்னிப்பு இதுதான். யார் செய்தார்கள் என்பதற்கும் யார் கேட்கிறார்கள் என்பதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. யாருக்குத் தலை குனிய முடிகிறதோ அவர் கேட்பார். உங்கள் வீட்டில் விளையாட வந்த குழந்தை விழுந்துவிட்டால், அதன் அம்மாவிடம் "நான் பாத்திருக்கணும்மா, என் தப்பு" என்பீர்கள். அந்த அம்மா, "ஐயோ, அது வாலு, நீ இன்னா பண்ணுவ" என்பாள். அதோடு முடிந்தது. அந்த இரண்டாவது வரியைச் சொல்ல இங்கே ஆள் இல்லை என்பதை இவர் யோசிக்கவில்லை.

4

என் சித்தி மகன் பாலாஜி காஞ்சிபுரம் கோர்ட்டில் வக்கீல். அவனுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கா, மாமா இன்னும் யார் யார்கிட்ட தப்பு என்துன்னு சொல்லிக்கினு இருக்காரு?" என்றான்.

"எல்லார்கிட்டயும்தான்டா."

"மொதல்ல வாய மூடச் சொல்லு. நம்ம ஊர்ல போலீஸ்கிட்ட ஒத்துக்கினது கோர்ட்ல சாட்சியா செல்லாது. வெள்ளக்காரன் காலத்துல எழுதனது. இப்ப சட்டத்துக்குப் பேரெல்லாம் மாத்திட்டாங்க, இந்த விதிய மட்டும் தொடல. அங்க அப்டி இல்ல. ஸ்டேஷன்ல சொல்றது அப்டியே கோர்ட்டுக்குப் போவும். அதுவுமில்லாம மாமா போலீஸ்கிட்டயா சொன்னாரு? அந்தம்மாகிட்ட சொல்லிக்கிறாரு. அது எந்த ஊர்லயும் இழுக்கும்."

போனை வைத்த பிறகு எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஸ்டேஷனில் சொல்வதை நம்பாதே என்று நமக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனவர்கள், தங்கள் ஊரில் அதை எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். இங்கே வேறு பூட்டுகள் போட்டு வைத்திருக்கிறார்கள். பேசுவது முழுவதும் பதிவாகும். காசில்லாமல் வக்கீல் கிடைக்கும். மொழிபெயர்க்க ஆள் வரும். எல்லாவற்றுக்கும் மேலே, 'நீ பேசவே வேண்டாம்' என்று போலீஸே முதலில் சொல்லிவிட்டுத்தான் கேள்வி கேட்கும்.

இந்தக் கடைசி விஷயம்தான் இவருக்கு ஏறவே இல்லை. வக்கீலாக வந்த பெண் பொறுமைசாலி. நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம், அதன்பின் எந்தக் கேள்விக்கும் 'நோ கமெண்ட்' என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். எச்சரிக்கை வாசகத்தையும் படித்துக் காட்டினார்: நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் பின்னால் கோர்ட்டில் சொல்லப்போகும் ஒன்றை இப்போது கேட்கும்போது சொல்லாமல் விட்டால் அது உங்களுக்குப் பாதகமாகலாம், சொல்வது எதுவும் சாட்சியமாகலாம்.

இவர் என்னைப் பார்த்தார். "பேசுன்றாங்களா, பேசாதன்றாங்களா?"

நிவேதா பல்கலைக்கழகத்திலிருந்து ரயில் பிடித்து வந்து அப்பாவுக்குப் பயிற்சி கொடுத்தாள். சமையலறை மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். அவள் போலீஸ்.

"மிஸ்டர் குமரேசன், அன்னைக்கு எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தீங்க?"

"காலைலமா, ஏழுக்கெல்லாம்..."

"அப்பா! நோ கமெண்ட்!"

"ஏழு மணிக்கு வந்தத சொன்னா இன்னாமா குத்தம்?"

"எல்லாத்துக்கும் நோ கமெண்ட்பா. உங்க பேர் தவிர எல்லாத்துக்கும்."

"ஒருத்தரு மூஞ்சிக்கு நேரா உக்காந்து கேக்கறாரு. அவரப் பாத்துக்கினே கல்லு மாதிரி எப்டிமா இருக்கறது? நமக்கு மரியாத தெரியாதுன்னு நெனைக்கமாட்டாரு?"

நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னொண்ணு வெக்கட்டுமா?" என்று கேட்டேன். "நோ கமெண்ட்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் நிவேதா தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, நீங்க நிஜமாவே எதுவும் பண்ணலல்ல?"

அவள் கேட்டதில் கெட்ட எண்ணம் இல்லை. இங்கே வளர்ந்த பெண். செய்யாதவர் ஏன் மன்னிப்புக் கேட்டார் என்பது அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. நிரூபிக்கும்வரை ஒருவர் நிரபராதி என்பது கோர்ட்டுக்குத்தான் சட்டம். வீட்டுக்குள் அப்படி ஒரு சட்டம் இல்லை. அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்க் கழுவினார்.

5

விசாரணைக்கு நானும் கூடப் போனேன், ஆனால் முன்கூடத்தோடு நிறுத்திவிட்டார்கள். நம் ஊர் ஸ்டேஷனுக்குக் கூட்டமாகப் போய்ப் பழகியவள் நான். தெருவில் நாலு பேர் கூட வராமல் யாரும் உள்ளே போகமாட்டார்கள். இங்கே தனியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சைக்கிள் திருட்டைத் தடுப்பது எப்படி என்ற சுவரொட்டியை மனப்பாடம் செய்தேன்.

உள்ளே நடந்ததை அவர் வீட்டுக்கு வந்து சொன்னார். மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர். நம்மைப் போல அவசரப்படாமல், வார்த்தை வார்த்தையாகப் பேசினாராம். கேள்வி கேட்ட அதிகாரி இளைஞர். குரலே உயர்த்தவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். இவருக்கு அதுதான் கஷ்டமாகப் போயிற்று. அதட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பது சுலபம்.

எழுதிக் கொடுத்ததை வக்கீல் படித்தார். அப்புறம் கேள்விகள். எத்தனை பேர் வேலையில் இருந்தீர்கள்? நோ கமெண்ட். மணி அடித்தபோது எங்கே இருந்தீர்கள்? நோ கமெண்ட். ஒவ்வொன்றுக்கும் சொல்லச் சொல்ல, தன் வாயிலிருந்து வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது என்றார்.

கடைசியில் அந்த அதிகாரி காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறார். "உங்கள்மேல் தப்பு இல்லை என்றால், அவருடைய மகளிடம் ஏன் 'என் தப்பு, மன்னியுங்கள்' என்று சொன்னீர்கள்?"

இவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் லேசாகத் தலையசைத்தார், வேண்டாம் என்று. மொழிபெயர்ப்பாளர் காத்துக்கொண்டிருந்தார்.

"அவங்க அழுதாங்க சார்" என்றார் இவர்.

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி எதையோ எழுதினார். அவ்வளவுதான் விசாரணை.

"ஏங்க சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"மத்தது எல்லாத்துக்கும் சும்மா இருந்தேன் இல்ல? இதுக்கும் சும்மா இருந்தா, நான் பொய்யாக் கேட்டேன்னு ஆயிடாதா?"

இதில் சட்டப்படி யார் சரி என்று எனக்குத் தெரியவில்லை. பாலாஜியிடம் சொன்னபோது அவன் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனில் கேட்டது.

6

பிறகு காத்திருப்பு. நம் ஊரில் கேஸ் என்றால் வாய்தா, கோர்ட் வாசல் டீக்கடை, அடுத்த வாய்தா என்று ஏதோ ஒரு நடமாட்டம் இருக்கும். இங்கே ஒன்றும் இல்லை. விசாரணை நடக்கிறது என்பார்கள், போனை வைத்துவிடுவார்கள். இவர் தோட்டத்தில் புல் வெட்டினார். வெட்டிய புல் வளர்வதற்குள் மறுபடி வெட்டினார். இங்கிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நல்லவர்கள்தான், யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. ஆனால் பொங்கலுக்கு ஆளுக்கு ஒரு பதார்த்தம் செய்துகொண்டு வரச் சொன்னபோது எங்களை மட்டும், "நீங்க சிரமப்பட வேணாம், சும்மா வாங்க" என்றார்கள். நாங்கள் போகவில்லை.

அந்த நாட்களில்தான் ஆர்தர் இறந்துபோனார். இடுப்பு கூடிவந்தது, சளி நெஞ்சில் கட்டிவிட்டது என்று கூட வேலை செய்த ஒருவர் சொல்லித் தெரிந்தது. கேட்டதும் இவர் எழுந்து குளியலறைக்குப் போனார். தலையோடு தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ஈரத்தலையோடு வந்தவரிடம், "நீங்க எதுக்குங்க தல முழுகறீங்க? நமக்கு அவரு இன்னா ஒறவு?" என்றேன்.

"எத்தினி வருஷம் குளிப்பாட்டி உட்டிருக்கேன்."

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார், "ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரலாமா?"

போக முடியாது என்று அவருக்கே தெரியும். புகார் கொடுத்தவர் ஜானெட். அவர் சாட்சி. இவர் அந்த வாசலில் போய் நின்றால், சாட்சியைக் கலைக்கப் பார்க்கிறார் என்றாகிவிடும். அந்த விதி நல்ல விதி. அதை யாரும் மதிக்காததால் நம் ஊரில் எத்தனை சாட்சிகள் வீட்டுக்கு ராத்திரியில் ஆள் போயிருக்கிறது என்று பாலாஜி கதை கதையாகச் சொல்வான். ஆனால் நம்மில் ஒருவர், தன் கையால் வளர்த்த மாதிரி பார்த்துக்கொண்ட மனிதரின் சாவுக்குப் போகாமல் இருப்பது என்றால், அது தலைமுறைக்கும் பகை என்று பொருள். துக்கம் விசாரிக்காதவர் என்ற பெயரோடு இவர் அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

7

மேல் நடவடிக்கை இல்லை என்று ஒரு நாள் தகவல் வந்தது. மணி அடித்த நேரம், அன்று வேலையில் இருந்த ஆட்கள், எல்லாவற்றையும் சரிபார்த்திருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை. நான் சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். நிவேதா போனில் அழுதாள். "நான் அப்டி கேட்டிருக்கக் கூடாதுப்பா" என்றாள். "நீ கேட்டது ஞாயம்தான்மா" என்றார் இவர்.

முதியோர் இல்லம் திரும்பக் கூப்பிட்டது. போனார். முன்போலவே குளிப்பாட்டினார், ஊட்டினார். ஆனால் அங்கே யாராவது அழுதால் இப்போது கிட்டே போவதில்லையாம். நர்ஸைக் கூப்பிட்டுவிட்டு ஓரமாக நிற்கிறாராம். என்னிடம் இதைச் சொன்னது கூட வேலை செய்பவர்தான். அந்த விசாரணை இவரை ஒழுங்காகத்தான் நடத்தியது, நியாயமாகத்தான் விட்டது. யாரையும் குறை சொல்ல எனக்கு வழியே இல்லை. அதனாலேயே என் ஆற்றாமையை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை.

8

மேலே உள்ளதை எழுதிவிட்டு ஒரு வாரம் இதைத் தொடவில்லை. எப்படி முடிப்பது என்று தெரியாமல் வைத்திருந்தேன். சனிக்கிழமை சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றோம். இவர் திடீரென்று என் பின்னால் நகர்ந்தார். எதிரே ஜானெட்.

அவரும் பார்த்துவிட்டார். போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே எங்களிடம் வந்தார். மெலிந்திருந்தார். தன் கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினார்.

"என்ன நடந்தது என்று உங்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும், குமார்" என்றார். "அப்பா விழுந்ததும் எனக்குக் கோபப்பட ஓர் ஆள் வேண்டியிருந்தது. நீங்கள் எதிரே வந்து நின்றீர்கள்."

இவர் என் முழங்கையைத் தொட்டார்.

"பேசலாமா?" என்று தமிழில் என்னைக் கேட்டார்.

சொந்த வாயைத் திறப்பதற்கு இந்த மனிதர் அனுமதி கேட்கிறார்.

"கேஸு முடிஞ்சிபோச்சுங்க. பேசுங்க."

அவர் ஜானெட்டைப் பார்த்தார். என்ன கேட்கப்போகிறார் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். கேஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அப்பா கடைசியா என்ன சாப்பிட்டார்?"

ஆங்கிலத்தில்தான் கேட்டார். ஆனால் சாவு வீட்டு வாசலில் நம் ஆட்கள் கேட்கும் கேள்வி அது. ஜானெட்டுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. இந்த நாட்டில் அதை யாரும் கேட்பதில்லை. பிறகு அவர் முகம் மாறியது.

"கஸ்டர்ட்" என்றார். "கொஞ்சம்தான். நான்தான் ஊட்டினேன்."

"முழுங்கினாரா?"

"முழுங்கினார்."

"உங்க கையால சாப்ட்டுட்டுப் போயிருக்காரு. அது போதும்மா" என்றார் இவர், தமிழில். நான் அதை ஜானெட்டுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே அவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

இந்த முறை இவர் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மீன் பையை என்னிடம் நீட்டிவிட்டு, இரண்டு எட்டு முன்னால் போய் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார்.